திருக்கல்யாணம் வரைக்கும் ஒரு வாடகை வீடு

ஏப்ரல் 10, வியாழன்

சீ! இதை எழுதறதுக்கு முன்னால கையைத் திரும்பத் திரும்ப சோப்பு போட்டுக் கழுவினேன். இன்னும் பிசுபிசுன்னுதான் இருக்கு.

"எல்லாச் சாமானும் இருக்கு மதினி, நீங்க துணிமணியோட வந்தாப் போதும்"னு சம்பந்தியம்மா விசாலம் மதினி போன்ல சொன்னாங்க. ஃபர்னிஷ்டு அபார்ட்மெண்டாம். மேலமாசி வீதியாம். எட்டி நடந்தா கோயிலாம். சித்திரைத் திருவிழா நேரத்துல இப்படி ஒரு வீட்டுக்கு ஜனங்க தவம் கிடக்காங்களாம். எல்லாச் சாமானும் இருக்கத்தான் செய்யுது. முன்னால இருந்தவங்க அழுக்கும் கூடவே இருக்கு. மெத்தையைப் புரட்டினா பழுப்பா ஒரு பெரிய கறை. தலையணையில எண்ணெய் ஊறிக் கெட்டியாகி, விரலால அமுக்கினா அமுங்கவே மாட்டேங்குது. குளியலறை வாளியில வழுவழுன்னு பாசி. சோப்பு டப்பாவுல எவளோ தேய்ச்சு மிச்சம் வச்ச துண்டு, அதுல சுத்திக்கிட்டு ஒரு நீள முடி. எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வந்துட்டு.

பாளையங்கோட்டையில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல காலம் பூரா வார்டனா இருந்தவ நான். கட்டிலுக்கு அடியில ஒரு வாழைப்பழத்தோல் கிடந்தாலே அந்த ரூம் பிள்ளைகளை வராந்தாவுல நிறுத்திருவேன். சண்முகவடிவு மேடம் வாரான்னா வாளி கூட பளபளன்னு இருக்கும். அந்த எனக்கு இந்த வீடு!

வந்த காரணத்தையும் எழுதிருதேன். என் மக காந்திமதியைப் பொங்கலுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். திரும்பிப் போகமாட்டேன்னு உக்காந்துட்டா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டா. புருஷன் பொண்டாட்டி சண்டை எந்த வீட்லதான் இல்லை? மீனாட்சி திருக்கல்யாணத்தன்னைக்கு அம்மனுக்குத் தாலி ஏறுற நேரத்துல மதுரைப் பொம்பளைங்க எல்லாரும் மஞ்சக்கயிறு மாத்துவாங்கள்லா, அன்னைக்கு மதிக்கும் புதுக் கயிறு மாத்திக் கையோட கூட்டிட்டுப் போறோம்னு விசாலம் மதினி வாக்கு கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் கண்ணெதிர்ல இருந்தா மாப்பிள்ளை மனசும் இளகும்னு அவங்களே இந்த வீட்டையும் பிடிச்சுக் கொடுத்தாங்க. என் மக போய் வாழணும். அதுக்குத்தான் இந்த நாத்தத்துக்குள்ள வந்து உக்காந்திருக்கேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பினாயில், பிளீச்சிங் பவுடர், தேங்காய்நாரு, எல்லாம் வாங்கிட்டு வந்து காலையில இருந்து தேய்ச்சேன். ஃபிரிட்ஜைத் திறந்தா குப்புன்னு பழைய மீன் வாடை. அடித்தட்டுல ஒரு எலுமிச்சம்பழம் கறுத்துப் போயி ஒட்டிக்கிட்டுக் கிடந்தது. கரண்டியால சுரண்டி எடுத்தேன். கருமம்.

ஒண்ணைச் சொல்லணும். பாத்திரமெல்லாம் நல்ல கனம். தூக்குவாளி, குத்துப்போணி, இட்லிக்கொப்பரை, தம்ளர் செட்டு, எல்லாத்துலயும் 'ப. செண்பகம்'னு பேர் வெட்டியிருக்கு. கல்யாணச் சீரா வந்த பாத்திரம் மாதிரி இருக்கு. ஹவுஸ் ஓனர் புஷ்பவல்லி கீழ் வீட்ல இருக்கா. "யாருக்கா செண்பகம்?"னு கேட்டேன். "எங்க வீட்டுப் புள்ளதேன்"னு சொல்லிட்டு வேற பேச்சுக்குத் தாவிட்டா. எவளோ வாய் வச்ச தம்ளர்ல காப்பி குடிக்க எனக்கு மனசு வரலை. புளி போட்டு, சாம்பல் போட்டு, திரும்ப வெந்நி ஊத்திக் கழுவினேன்.

மதியை உதவிக்குக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கலை. பக்கத்துல போய்க் கத்தினப்புறம்தான் 'என்னம்மா'ங்கறா. அம்புட்டு திமிர். புருஷன் வீட்லயும் இப்படித்தான் கூப்பிட்ட குரலுக்கு ஏன்னு கேக்காம இருந்திருப்பா. எந்த மாமியாருக்குக் கோவம் வராது?

ஏப்ரல் 12, சனி

கரப்பான். சமையல்கட்டு சிங்குக்கு அடியில ஒரு குடும்பமே இருக்கு.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. வேப்பம்பூ ரசம், பால் பாயசம், வடை. விசாலம் மதினி வந்தாங்க. மாப்பிள்ளை வரலை, கடையில சோலியாம்.

மதினி சோபாவுல உக்காரும்போதே தன் சேலைத்தலைப்பை விரிச்சு அதுமேல உக்காந்தாங்க. சோபாவைத் தொட அவங்களுக்கே அருவருப்பு. ஆனா எங்களைக் குடிவச்சது இதுலதான்.

"மதினி, நான் ஒண்ணும் பெருசா கேக்கலை. உங்க மக வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்"ன்னாங்க. "எதிர்த்துப் பேசுறா. முறைக்கா. ஆம்பளைக்கு வெளியில ஆயிரம் டென்ஷன் இருக்கும். எம் மகன் சொக்கநாதனுக்குப் பச்சப்பிள்ளை மனசு. கோவம் வந்தா அடுத்த நிமிசம் போயிரும்."

நானும் தலையாட்டினேன். மதி சுவரோரமா, மதினிக்கு வலது பக்கத்தைக் காட்டி உக்காந்திருந்தா. அவ இப்பல்லாம் அப்படித்தான் உக்காருதா, படுக்கும்போதும் ஒரே பக்கமாத்தான் படுக்கா. நல்லநாளும் அதுவுமா சிரிச்ச முகமா இருடின்னு கண்ணைக் காட்டினேன். பாயசத்தை மதினி ஒரு வாய் குடிச்சிட்டு அப்படியே வச்சுட்டாங்க.

சாயங்காலம் ஊர்ல இருந்து மதியோட அப்பா பேசினார். "அனுசரிச்சுப் போகச் சொல்லு வடிவு"ன்னார். வேற என்ன சொல்லத் தெரியும் அவருக்கு? சர்க்கரை மாத்திரை எங்கே இருக்குன்னு கேட்டுட்டு வச்சுட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்னைக்கு பீரோவையும் டிரெஸ்ஸிங் டேபிளையும் ஒரு கை பார்த்தேன். கண்ணாடி ஓரம் பூரா ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, மெரூன், சின்னது, பெருசு, ஒட்டி ஒட்டி எடுத்து வச்சது. வியர்வையும் பவுடரும் சேர்ந்து பொட்டெல்லாம் கறுத்துப் போயிருக்கு. குளியலறைச் சுவர்லயும் அதே. கத்தியை வச்சுச் சுரண்டினேன்.

"விட்ரும்மா"ன்னா மதி.

"ஏன்? எவளோ நெத்தியில ஒட்டினதை நான் எதுக்குப் பார்த்துக்கிட்டே இருக்கணும்?"

"அவ திரும்பி வந்து எடுத்துக்கலாம்னுதானே ஒட்டி வச்சிருப்பா"ன்னா. இப்படித்தான் என்னத்தையாவது பேசுவா. நான் சுரண்டி முடிச்சு சோப்புத் தண்ணி வச்சுத் துடைச்சேன். பீரோவுக்குள்ள அந்துருண்டை வாடையோட ஒரு ஜாக்கெட், பச்சை நிறம், கைச்சந்துல மஞ்சக்கறை. குச்சியால எடுத்துக் குப்பையில போட்டேன்.

கீழ் வீட்டு மருமகளை மாடிப்படியில பார்த்தேன். ஒல்லியா, நகப்பூச்செல்லாம் பூசி இருக்கா. "இவதான் செண்பகமா?"ன்னு புஷ்பவல்லிகிட்ட கேட்டேன். "இல்லக்கா, இவ ஷாலினி"ன்னா.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாப்பிள்ளை வந்தார்! எனக்கு ஒரே சந்தோஷம். கோழி வறுத்து, ரசம் வச்சு, அப்பளம் பொரிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பிள்ளை. வந்ததும் செருப்பை ஒழுங்கா ஓரமா விட்டார். கை கழுவினார். சாப்பிட்டு மறுபடியும் கழுவி, தன் கைக்குட்டையிலேயே துடைச்சார். வியர்வை நாத்தமே கிடையாது, நல்ல செண்டு வாசனை. "அத்தை கை ருசி வருமா"ன்னார். இந்த வீட்ல நான் பார்த்த முதல் சுத்தமான ஜீவன்.

மதி பக்கத்துல உக்காந்து அவ காதுகிட்ட குனிஞ்சு என்னவோ சொன்னார். இவ மரக்கட்டை மாதிரி இருந்தா. ஒரு பதில் இல்லை, ஒரு திரும்பல் இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சார். "பாத்தீங்களா அத்தை, இவ்வளவுதான் மரியாதை"ன்னார். எனக்கு மானம் போச்சு.

அவர் போனதும் மதி குளியலறையில போய் வாந்தி எடுத்தா. ஃபிரிட்ஜுல வச்ச கோழிதான் காரணம். அந்த மீன் வாடை எதுல வேணாலும் ஏறும்.

ஏப்ரல் 24, வியாழன்

மெத்தையை மொட்டைமாடியில காயப்போட்டேன். கறை போகலை. இனிமே தரையில பாய்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொடியேத்தம். இந்த எழவு வீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டுன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சது. மாசி வீதியில சாமி வர்ற அன்னைக்கெல்லாம் பால்கனி ஓனருக்குச் சொந்தம். அட்வான்ஸ் வாங்கும்போதே "திருவிழாவுக்கு நாலு பேரு வருவாகக்கா"ன்னு புஷ்பவல்லி சொன்னதுதான். நாலு பேரா? சித்தப்பா, சின்னம்மா, கொழுந்தன், சம்பந்தி, பக்கத்துக் கடைக்காரர்னு படை. எல்லாரும் நம்ம ஹால் வழியாச் செருப்புக்காலோட போய், நம்ம கக்கூசுக்குப் போய், தண்ணி ஊத்தாம வராங்க. ஒரு பொம்பளை என் சமையல்கட்டுல நின்னு கைக்குழந்தைக்கு அணையாடை மாத்தி, அழுக்கை என் அம்மிக்கல்லுமேல வச்சிட்டுப் போயிட்டா. சாமி வந்ததைக்கூட நான் கும்பிடலை. கக்கூசுக்குப் பினாயில் ஊத்திக்கிட்டு இருந்தேன்.

மே 1, வியாழன்

இன்னைக்கும் கையைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் எழுத உக்காந்திருக்கேன். கோவமா, அருவருப்பா, எனக்கே தெரியலை.

புஷ்பவல்லி மத்தியானம் மேல வந்தா, திருக்கல்யாணத்தன்னைக்குச் சொந்தக்காரங்களுக்கு டிபன் போட இட்லிக்கொப்பரை வேணும்னு. எடுத்துக் கொடுத்தேன். சேலையால துடைச்சுக்கிட்டே தன்னாலயே பேச ஆரம்பிச்சா.

"இந்தக் கொப்பரை நல்ல கனமுக்கா. அவுக அப்பன் காரைக்குடியில போயி வாங்கியாந்தது. கட்டிலு, பீரோ, ஃபிரிட்ஜு, மிக்சி, அம்புட்டும் அவ கொண்டாந்ததுதேன். வண்டியில வந்து இறங்குச்சு."

"யாரு?"

"செண்பகம்தேன். எம் மூத்த மருமக. எங்கிட்டு இருந்தா, ரெண்டு வருசம் கூட இல்ல. பய கொஞ்சம் கை நீட்டுவான், அவளுக்கு வாய் நீளம். போயிட்டா. கட்டின துணியோட அப்பன் வீட்டுக்குப் போனவ, திரும்பல. பொறவு ஷாலினியைக் கட்டினோம். இந்தச் சிறுக்கி, செண்பகம் தொட்ட சாமானைத் தொட மாட்டேன்னுட்டா. அவ படுத்த கட்டில்ல படுக்க மாட்டாளாம், அவ பேரு இருக்க தம்ளர்ல தண்ணி குடிக்க மாட்டாளாம். சரி, பூட்டி வச்சு என்னத்தச் செய்ய? அம்புட்டையும் மேல ஏத்தி வாடகைக்கு விட்டுட்டோம். ஃபர்னிஷ்டுன்னா கூட வாடகை வருதுல்ல?"

சிரிக்கா! சிரிச்சுக்கிட்டே சொல்றா!

நான் அந்த சோபாவுல உக்காந்திருந்தேன். அப்படியே எந்திரிச்சு நின்னுட்டேன்.

"அந்தப் பிள்ளை வீட்ல வந்து கேக்கலையா?"

"கேட்டாகளே. அவுக அப்பன் வண்டியெடுத்துக்கிட்டே வந்துட்டாரு. கொடுக்கலாம்னுதேன் எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஒங்க சம்பந்தி விசாலம் அக்காதேன் தடுத்தது. 'புஷ்பா, சாமானைக் கொடுத்தா தப்பு நம்ம பக்கம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், ஒரு கரண்டியைக் கூடக் கொடுக்காதே'ன்னு சொல்லுச்சு. வெவரமான ஆளு. அவுக அப்பன் வாசல்ல நின்னு பார்த்துட்டு வெறும் வண்டியோட போனாரு."

கொப்பரையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. போகும்போது, "ஒங்க மகளும் சீக்கிரம் புருசன் வீடு போய்ச் சேந்துருவா, கவலைப்படாதீக"ன்னா.

அந்த மெத்தையில கறையை நான் திட்டினேன். சோப்புல முடியைத் திட்டினேன். அந்தப் பிள்ளைக்குக் கட்டின துணியோட வெளியே போகத்தான் நேரம் இருந்திருக்கு. அவ பொட்டைக் கத்தியால சுரண்டிப் போட்டேன். சமையல்கட்டுக்குப் போனா எந்தப் பாத்திரத்தைத் தொடவும் கை கூசுது. கடைக்குப் போய் ஒரு அலுமினியச் சட்டி வாங்கிட்டு வந்து அதுல கஞ்சி வச்சேன்.

நம்ம மதி கொண்டுபோன சாமானும் விசாலம் மதினி வீட்லதான் இருக்கு. அதை நினைக்கக் கூடாது. அவங்க வீட்டுக்கே திரும்பப் போகப்போற பிள்ளை, அவ சாமானை அவதான் புழங்கப்போறா. புஷ்பவல்லி வீடும் மதினி வீடும் ஒண்ணா?

மே 3, சனி

தங்கக்குதிரை வாகனம். மறுபடியும் படை வந்து பால்கனியை அடைச்சுக்கிட்டு நின்னுது. முறுக்கைக் கடிச்சுத் தூள் தூளாச் சிந்தியிருக்காங்க, வெத்தலை எச்சியை என் துளசித்தொட்டியில துப்பியிருக்கான் ஒரு கடன்காரன்.

மதியையும் இழுத்துட்டுப் போய் முன்னால நிறுத்தினேன், சாமி பார்க்கட்டும்னு. புஷ்பவல்லியோட மாமனார் முறைக்காரர் ஒருத்தர், கழுத்து நிறைய உருத்திராட்சம், சாமி முக்குத் திரும்பினதும் இடுப்புல இருந்து சங்கை எடுத்து ஊதினார். மதியோட இடது பக்கம், காதை ஒட்டினாப்புல நின்னுக்கிட்டு. நான் துள்ளிட்டேன். கைக்குழந்தை அலறிட்டு. முன்னால நின்ன பொம்பளை 'ஐயோ தாத்தா'ன்னு காதைப் பொத்திக்கிட்டா.

மதி அசையலை. சாமியைப் பார்த்துக்கிட்டே நின்னா. கண்ணு கூடச் சிமிட்டலை.

மே 5, திங்கள்

காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வரமாட்டேன்னா. வாரியா இல்லியான்னு அதட்டி இழுத்துட்டுப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. காதுக்குள்ள லைட்டை விட்டுப் பார்த்தா. இடது காதுல செவிப்பறை கிழிஞ்சிருக்காம். புதுசு இல்லையாம், சில மாசம் ஆயிருக்குமாம். சின்ன ஆபரேஷன் பண்ணினாக் கொஞ்சம் கேக்க வாய்ப்பு உண்டுன்னா. "எப்படி ஆச்சு?"ன்னு மதிகிட்ட கேட்டா.

"குளிக்கும்போது தண்ணி போச்சு."

டாக்டரம்மா அவளைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. "தண்ணி போனா இப்படிக் கிழியாது. யாராவது அடிச்சாங்களா?"

"இல்லை டாக்டர்"னு நான்தான் சொன்னேன்.

ஆட்டோவுல வரும்போது மதி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தா. "பொங்கலுக்கு வந்தப்பவே காது வலிக்குன்னு சொன்னேனேம்மா. பஞ்சு வச்சுக்கோ, பனி ஆகாதுன்னு சொன்னே"ன்னா. அவ அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. பஞ்சு வச்சுவிட்டது மட்டும் ஞாபகம் இருக்கு.

ஹாஸ்டல்ல பிள்ளைங்க பொய் சொன்னா எனக்கு வாசல்லயே தெரிஞ்சிரும். படியில விழுந்தேம்பா ஒருத்தி, கதவு இடிச்சிட்டும்பா ஒருத்தி. ஒரு பார்வை பார்த்தா அழுது கொட்டிருவாங்க. மதி என் மக. என்கிட்ட பொய் சொல்ல மாட்டா. தண்ணிதான் போயிருக்கும்.

மே 6, செவ்வாய்

ஊருக்குப் பேசினேன். "எல்லாம் நல்லபடியா நடக்குதா?"ன்னார். நடக்குதுன்னேன். காதைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விடலை. யார்கிட்டயும் சொல்லலை, மதியையும் சொல்லாதேன்னுட்டேன். இன்னும் ரெண்டு நாள்ல புருஷன் வீட்டுக்குப் போகப்போற நேரத்துல எதுக்குக் குட்டையைக் குழப்பணும்?

சாப்பாடே இறங்கலை. தொட்டதெல்லாம் நாறுது. நல்லா இருந்த பாலைக் கீழே ஊத்தினேன்.

மே 7, புதன்

மதிக்குப் பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, கண்ணாடி வளையல் எடுத்து வச்சாச்சு. மஞ்சக்கயிறு விசாலம் மதினி கொண்டுவர்றாங்க.

மதி கேட்டா: "அம்மா, நான் போகணுமா?"

"போகாம?"ன்னேன்.

மே 8, வியாழன்

விடியும்போதே மேலமாசி வீதி முழுக்க ஸ்பீக்கர். கோயில்ல நடக்கிறது அத்தனையும் வீட்டுக்குள்ள கேக்குது. விசாலமும் சொக்கநாதனும் காலையிலேயே வந்துட்டாங்க. தாம்பாளத்துல மஞ்சள், குங்குமம், பூ, புதுக் கயிறு. அவன் வேட்டி சட்டை, அதே செண்டு. எனக்கு அந்த வாசனையே இன்னைக்குக் குமட்டிச்சு, அன்னைக்கு நல்ல பால் நாறின மாதிரித்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

மதியைக் கிழக்கே பார்த்து மணையில உக்கார வச்சோம். ஸ்பீக்கர்ல கெட்டிமேளம் எப்ப வரும்னு எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தோம். கீழ் வீட்ல புஷ்பவல்லி, ஷாலினி, எதிர்வீட்டுப் பொம்பளைங்க, தெரு பூரா எல்லாரும் இதே மாதிரி உக்காந்திருப்பாங்க. மேளம் கொட்டினதும் மதி பழைய கயிறைக் கழட்டி என் கையில தந்தா. அதுல இருந்த தங்கத் தாலி உருவையும் குண்டையும் உருவி எடுத்து, புதுக் கயித்துல கோக்க வேண்டியது என் வேலை.

விசாலம் மதியோட இடது பக்கம் நின்னுக்கிட்டு, "மதி, குங்குமச் சிமிழை எடு"ன்னா. மதி எடுக்கலை. "ஏட்டி, சிமிழை எடுன்னேன்"னு மறுபடியும் சொன்னா. மதி என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா.

சொக்கநாதன் சோபாவுல சாஞ்சபடியே சொன்னான்: "அந்தப் பக்கம் நின்னு சொல்லாதம்மா, அவளுக்குக் கேக்காது. இந்தப் பக்கமா வந்து சொல்லு."

ரொம்பச் சாதாரணமாச் சொன்னான், ஃபேன் சுவிட்சு எங்கே இருக்குன்னு சொல்ற மாதிரி.

எனக்குக் கை நின்னு போச்சு. "மாப்பிள்ளை, அந்தக் காது கேக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் சோபாவுல நிமிர்ந்து உக்காந்தான். அம்மாவைப் பார்த்தான்.

"நாங்க யார்கிட்டயும் சொல்லலையே"ன்னேன். "எனக்கே திங்கக்கிழமைதான் தெரியும். எந்தக் காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விசாலம் குறுக்க விழுந்தா. "நல்ல நேரத்துல என்ன மதினி விசாரணை? சின்னஞ்சிறுசுக. ஏதோ கோவத்துல ஒரு அறை அறைஞ்சிட்டான். எந்தப் புருஷன் அடிக்கலை? அதுக்கா இத்தனை கூத்து? முதல்ல கயித்தைக் கோத்துக் கொடுங்க. மேளம் அடங்கப் போகுது. பிள்ளை வெறுங்கழுத்தா உக்காந்திருக்கு பாருங்க, அபசகுனமா!"

இவளுக்கும் தெரிஞ்சிருக்கு. பொங்கலுக்கு முன்னால இருந்தே தெரிஞ்சிருக்கு.

நான் அவன் கையைப் பார்த்தேன். சோபா கைப்பிடிமேல வச்சிருந்தான். நல்ல வெள்ளைக் கை, நகம் ஒட்ட வெட்டி, மடிப்பு மடிப்பாச் சுத்தம். மோதிர விரல்ல தடிமனா ஒரு மோதிரம். கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை மோதிரம்னு நாங்க போட்டது, கடைகடையா ஏறி நானே தேடி எடுத்தது. அதைப் போட்ட கையாலதான் அடிச்சிருக்கான். இந்த வீட்ல நான் பார்த்த அழுக்கெல்லாம் அழுக்கே இல்லை. என் கையால கோழி வறுத்து அந்தக் கைக்குப் பரிமாறினேன், தங்கமான பிள்ளைன்னு எழுதினேன். தூ!

மதியோட கழுத்தைப் பார்த்தேன். கயிறு கிடந்த இடம் வெளுத்துத் தெரிஞ்சது.

"வெறுங்கழுத்தாவே இருக்கட்டும்"னேன்.

"என்ன சொல்றீக?"

"இருக்கட்டும்னேன். உங்களுக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

தங்கத்தை அவ தாம்பாளத்துல போட்டேன். விசாலம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. "ஊர்ல அத்தனை பொம்பளையும் புதுக் கயிறு கட்டுற நேரத்துல பெத்தவளே அறுக்கிறியே! நீ விளங்குவியா? எந்திரிச்சு வா சொக்கு. சாமான்ல ஒரு கரண்டி தரமாட்டேன், பார்த்துக்கோ!"

"நீயே வச்சுக்கோ. மாடியில ஏத்தி வாடகைக்கு விடு. அந்த வித்தைதான் உனக்குத் தெரியுமே"ன்னேன்.

அவன் மதியைப் பார்த்து, "நீ வர்றியா இல்லையா?"ன்னான். அதட்டல்தான். மதி மணையில இருந்து எந்திரிச்சா. பழக்கதோஷத்துல போயிருவாளோன்னு நெனச்சேன். அவ நேரா வாசலுக்குப் போய், அவன் ஒழுங்கா ஓரமா விட்டிருந்த செருப்பைக் காலால வெளியே தள்ளினா. "வரலை"ன்னா.

படியிறங்கும்போது விசாலம் போட்ட சத்தத்துல புஷ்பவல்லி கழுத்துல புதுக் கயிறோட, மஞ்சக் கையோட மேல ஓடிவந்தா. மதி கழுத்தைப் பார்த்துட்டு, "அய்யய்யோ, என்னக்கா இது, திருக்கல்யாணத்தன்னைக்கு"ன்னா. கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் பூப்பல்லக்கு வரும், படை வரும், பால்கனி வேணும்பாங்க. வரட்டும். நாளைக்கு மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குப் போறோம். டாக்டரம்மாகிட்ட ஆபரேஷனுக்கு நாள் கேக்கணும். மதி அப்பாகிட்ட என்ன சொல்லணும்னு பஸ்ல யோசிச்சுக்கலாம்.

ஹால்ல மல்லிகைப்பூ, குங்குமம் எல்லாம் சிந்திக் கிடந்தது. நான் கூட்டலை. மதி பட்டுச்சேலையை மாத்திட்டு நைட்டியோட வந்து என் முன்னால தரையில உக்காந்தா.  அழுவான்னு நெனச்சேன், அழலை.

"ஏம்மா உனக்கு இவ்வளவு நாள் ஆச்சு?"ன்னா.

  அலுமினியச் சட்டியில ரசஞ்சோறு இருந்தது, பிசைஞ்சு கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டா.